முப்பதாயிரத்து முப்பத்தொரு நாரைகள்

நெடுநாளைக்கு முன்னே, நாரைகளின் கால் இவ்வளவு நீளாத காலத்திலே, மணிமேடு என்று ஒரு நாடு இருந்தது. நாட்டுக்கு ஒரு ராஜா. ராஜாவுக்கு ஒரு கணியர். கணியருக்கு ஒரு கணக்கு. ராஜாவின் பெயர் வச்சிரகேது, கணியரின் பெயர் நெடுஞ்சேந்தர். கணக்குக்குப் பெயர் கிடையாது. ஆனால் ராஜாவைவிட அதுதான் பலசாலி.

மணிமேட்டில் மழைக்காலம் வந்தால் ஏரி பெருகி வீடுகளை வாரிக்கொண்டு போய்விடும். அதனால் ராஜா கரையில் நின்று, ஏரிக்குள் குடியிருந்த மடைப்பூதத்தைக் கூப்பிட்டான். பூதம் தலையில் பாசியோடு எழும்பியது.

"ஒரு கோட்டை கட்டிக் கொடு, பூதமே."

"யாருக்கு?"

"என் சனங்கள் எல்லாருக்கும்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

"ஒருத்தர் மிச்சமில்லாமலா?"

"ஒருத்தர் மிச்சமில்லாமல்."

பூதம் மூன்று தரம் கேட்டது, ராஜா மூன்று தரம் சொன்னான். சொல்வதற்கு ராஜாக்களுக்கு என்ன செலவு? பூதம் நம்பியது. மலையைப் பிட்டுப் பிட்டு வைத்து, பொழுது சாய்வதற்குள் கோட்டையைக் கட்டி முடித்தது. "குடிபுகும் நாளில் வந்து பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் போய்விட்டது.

கோட்டைக்குள் எத்தனை பேரைக் குடிவைப்பது என்று ராஜா கணியரைக் கேட்டான். எல்லாரையும் வைப்பதாக வாக்குக் கொடுத்தாயிற்றே, இதில் கேட்க என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றும். உங்களுக்குத் தோன்றுவது ராஜாக்களுக்குத் தோன்றாது.

மணிமேட்டில் ஒரு வழக்கம் உண்டு. பந்தியானாலும் பவனியானாலும் ஆறு விதமாகத்தான் வரிசை வைப்பார்கள். இரண்டு இரண்டாக, மூன்று மூன்றாக, ஐந்து ஐந்தாக, ஏழு ஏழாக, பதினொன்று பதினொன்றாக, பதின்மூன்று பதின்மூன்றாக. அவைதான் மங்கல வரிசைகள். அரண்மனைக்குப் பதின்மூன்று படிகள். ஆகவே பதின்மூன்றுக்கு மேல் உலகமே கிடையாது. கணியர் அந்த ஆறு எண்களையும் ஒன்றோடொன்று பெருக்கினார். முப்பதாயிரத்து முப்பது என்று வந்தது.

"மகாராஜா! இத்தனை பேர் உள்ளே இருந்தால், ஆறு வரிசையில் எந்த வரிசை வைத்தாலும் ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். இதைவிட மங்கலமான எண் பூமியில் இல்லை."

உடனே தலைகளை எண்ணினார்கள். ஊரில் இருந்தது முப்பதாயிரத்து முப்பத்தொரு பேர். ஒரே ஒரு ஆள் அதிகம்.

யாரை வெளியே நிறுத்துவது? யாரும் யாரையும் கேட்கவில்லை. எல்லாருடைய கண்ணும் தானாகவே ஒரு பக்கம் திரும்பியது.

அந்தப் பக்கம் நின்றவள் சடைச்சி. சுடுகாட்டில் சிதை அடுக்கி, தீ அணையாமல் காப்பவள். ஊரில் பிறந்த எல்லாரும் ஒருநாள் அவளிடம் போய்த்தான் ஆக வேண்டும். ஆனால் அந்த நாள் வரும்வரை அவள் நிழல்கூட அவர்கள்மேல் விழக்கூடாது.

குடிபுகும் நாளில் எல்லாரும் உள்ளே போனார்கள். சடைச்சியும் போனாள். வாசல்காவலன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

"ஏய், எங்கே வர்றே?"

"உள்ளதான். ஏன், இடம் இல்லையா?"

"இடம் நிறைய இருக்கு. நூறு பேர் வந்தாலும் புரளலாம்."

"பொறவு என்ன?"

"கணக்கு இடங்கொடுக்கல."

"இடம் இருக்குங்கிறே, கணக்கு இடங்கொடுக்கலைங்கிறே. எனக்கு ஒண்ணும் புரியலையே!"

"எனக்கு மட்டும் புரிஞ்சா சொல்றேன்?" என்றான் காவலன். கதவு சாத்தப்பட்டது.

அவள் வாசலில் உட்கார்ந்து யோசித்தாள். இதற்கு முன்பும் அவளை விலக்கியிருக்கிறார்கள். அப்போதெல்லாம் தெய்வத்தின் பெயரைச் சொல்லி விலக்கினார்கள். அது அவளுக்குப் புரிந்தது, கோபப்படவாவது முடிந்தது. இப்போது கணக்கைச் சொல்கிறார்கள். கணக்கின்மேல் எப்படிக் கோபப்படுவது? அதற்கு முகம் எங்கே இருக்கிறது?

அப்படி அவள் குழம்பிக்கொண்டிருக்கும்போது ஏரி கொதித்தது. மடைப்பூதம் எழுந்து வந்தது. கோட்டைக்குள் எட்டிப் பார்த்துத் தலைகளை எண்ணியது. அப்புறம் வாசலில் இருந்த ஒற்றைத் தலையைப் பார்த்தது.

"வச்சிரகேது! ஒருத்தர் மிச்சமில்லாமல் என்றாயே. இது யார்?"

மதில்மேல் நின்ற ராஜா, "அது கணக்கில் சேராது" என்றான்.

பூதத்துக்கு வந்ததே கோபம்! தரையை ஓங்கி ஒரு மிதி மிதித்தது. ராஜா, கணியர், காவலன், சடைச்சி எல்லாரும் நாரைகள் ஆனார்கள். முப்பதாயிரத்து முப்பத்தொரு நாரைகளும் சடசடவென்று பறந்து, ஏரியின் ஓரத் தண்ணீரில் ஒற்றைக்காலில் இறங்கின.

"கேளுங்கள்! மூன்று மாலை உங்களுக்கு. ஒருத்தர் மிச்சமில்லாமல் சம வரிசையாக நின்றால் மறுபடி மனிதர் ஆவீர்கள். மூன்றாம் மாலையும் மிச்சம் இருந்தால், மிஞ்சியவர்களை நான் விழுங்குவேன். மற்றவர்கள் மனிதர் ஆவார்கள். எல்லாரும் ஒரே வரிசையாக நீண்டு நின்றாலும் செல்லாது, ஆளுக்கொரு வரிசை என்றாலும் செல்லாது. வரிசைக்கு எல்லாரும் வர வேண்டும். ஒருத்தர் வராவிட்டாலும் எல்லாரும் என்றைக்கும் நாரைதான்!"

கணியர் நாரை அலகை உயர்த்திக் கூவியது. நாரை ஆனாலும் அவர்கள் தெரு வரிசையை விடவில்லை. அரண்மனைத் தெரு முதலில், அடுத்து செல்வர் தெரு, அப்புறம் மற்றத் தெருக்கள், எல்லாருக்கும் கடைசியில், பத்தடி தள்ளி, சடைச்சி.

இரண்டு இரண்டாக நின்றார்கள். ஒன்று மிச்சம்! சடைச்சி.

மூன்று மூன்றாக நின்றார்கள். ஒன்று மிச்சம்! சடைச்சி.

ஐந்தாக நின்றாலும், ஏழாக நின்றாலும், பதினொன்றாக, பதின்மூன்றாக நின்றாலும் ஒன்று மிச்சம், ஒன்று மிச்சம், ஒன்று மிச்சம்! ஒவ்வொரு முறையும் சடைச்சி, சடைச்சி, சடைச்சி.

சூரியன் இறங்கியது. முதல் மாலை போயிற்று.

சடைச்சிக்குத் தலை சுற்றியது. 'இரண்டுக்கு மிஞ்சினேன், சரி. மூன்றுக்காவது அடங்கியிருக்கக்கூடாதா? அதற்கும் மிஞ்சினேன். அப்படியானால் என்னிடம்தான் ஏதோ கோளாறு. பிறக்கும்போதே மிச்சமாகப் பிறந்துவிட்டேனோ?' பொய்யை ஒரே வாய் திரும்பத் திரும்பச் சொன்னால் சந்தேகம் வரும். ஆறு வாய் ஒரே மாதிரி சொன்னால், யாரைப் பற்றிச் சொல்கிறார்களோ அவருக்கே நம்பிக்கை வந்துவிடும்.

மறுநாள் ராஜா நாரை சபை கூட்டியது.

"கணியரே, வேறு வழி?"

"வழி இருக்கிறது மகாராஜா. மூன்றாம் மாலையில் பதின்மூன்று பதின்மூன்றாக நிற்போம். ஒன்று மிஞ்சும். பூதம் அதை விழுங்கிவிட்டு நம்மை விட்டுவிடும். ஒன்று போனால் முப்பதாயிரத்து முப்பது! மங்கல எண்ணும் திரும்பக் கிடைக்கும்."

"பாவம்தான்" என்றது ராஜா நாரை, மீனைத் தேடிக்கொண்டே. "ஆனால் கணக்கு அப்படிச் சொல்கிறதே."

"கணக்கு அப்படித்தான் சொல்கிறது!" என்று அரண்மனைத் தெரு முழுதும் அலகு தட்டியது.

அன்று மாலையும் மங்கல வரிசைகளை மறுபடி வைத்துப் பார்த்தார்கள். ஒன்று மிச்சம். இரண்டாம் மாலையும் போயிற்று.

சடைச்சி கோரைப்புல் ஓரமாக ஒதுங்கி நின்றாள். அவளிடம் ஒரு நாரை தத்தித் தத்தி வந்தது. உடம்பு கனத்திருந்தது. அவள் உப்பளத் தெருப் பவளாயி. நாரை ஆகும்போது நிறைமாதக் கர்ப்பிணி.

"சடைச்சியக்கா, எனக்கு வயித்துல இருக்கிறது பிள்ளையா முட்டையான்னே தெரியல."

"எனக்கு நான் ஆளா மிச்சமான்னே தெரியல. நீ வேற."

பவளாயி சிரித்தாள், நாரைச் சிரிப்பு, கடகடவென்று. பிறகு சட்டென்று நிறுத்தினாள். "அக்கா, நாளைக்கு உன்னைக் குடுத்துட்டு நாங்க கோட்டைக்குள்ள போறோம்னு வச்சுக்க. உள்ள முப்பதாயிரத்து முப்பது பேரு. அன்னைக்கே எனக்குப் பிள்ளை பொறக்குது. அப்ப எத்தனை?"

"ஒண்ணு கூட."

"அந்த ஒண்ணு யாரு? எம்பிள்ளையா? இல்ல, எம்பிள்ளைக்காக வேற யாரையாவது வெளிய தள்ளுவாங்களா? யாரைத் தள்ளுவாங்க? அரண்மனைத் தெருவையா தள்ளுவாங்க? எங்க தெருவைத்தான்!"

சடைச்சி ஊன்றியிருந்த காலை மாற்றி ஊன்றினாள். மூளையில் ஏதோ ஒரு முடிச்சு அசைந்தது. அவிழவில்லை, அசைந்தது. விடியட்டும் என்று காத்திருந்தாள். விடிந்ததும் நேரே கணியர் நாரையிடம் போனாள். பத்தடி தள்ளி நிற்கவில்லை. மூக்குக்கு மூக்கு நின்றாள்.

"கணியரே, மூணு மூணா நின்னா ஒண்ணு மிச்சம். அது சரி?"

"சரி."

"எத்தனை மிச்சம்னு உங்க கணக்கு சொல்லுது. யாரு மிச்சம்னு சொல்லுதா?"

கணியர் வரிசையின் கடைசிப் பக்கம் அலகை நீட்டினார்.

"கடைசியில் நிற்பவர்தான் மிச்சம்."

"என்னைக் கடைசியில நிறுத்தினது கணக்கா, நீங்களா?"

"சீ, தள்ளி நில்! யாரிடம் பேசுகிறாய் தெரியுமா?"

"தெரியலையே சாமி. எல்லாருக்கும் ஒரே மூக்கு, ஒரே கால். இதுல யாரு கணியரு, யாரு சுடுகாட்டுக்காரின்னு எனக்கு எப்படிப் புரியும்?"

உப்பளத் தெரு நாரைகள் கடகடவென்று சிரித்தன. பவளாயி கழுத்தை நீட்டிக் கத்தினாள். தெருத் தெருவாகப் பறந்து போய்த் தன் பிள்ளையைப் பற்றிக் கேட்டதையே கேட்டாள். ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளை இருந்தது, அல்லது பிறக்க இருந்தது. குயவர் தெரு, நெசவுத் தெரு, உப்பளத் தெரு எல்லாம் எழும்பின. கூட்டம் கூட்டமாகப் பறந்து வந்து, சடைச்சி நின்ற கோரைப்புல் பக்கம் இறங்கின.

"நாங்க பதின்மூணு வரிசைக்கு வரமாட்டோம்!" என்று எல்லாரும் சொன்னார்கள்.

ராஜா நாரை அதட்டியது. அவர்கள் ஒற்றைக்காலில் அப்படியே நின்றார்கள். கணியர் சாபமிட்டார். அப்படியே நின்றார்கள். காவலன் நாரை ஈட்டியைத் தேடியது. ஈட்டி இல்லை, அலகுதான் இருந்தது, அது எல்லாரிடமும் இருந்தது. ஒருத்தர் வராவிட்டாலும் எல்லாரும் என்றைக்கும் நாரை என்று பூதம் சொன்னது அப்போதுதான் ராஜாவுக்கு நினைவு வந்தது. வரிசையை வைப்பவனுக்குப் பலம் இல்லை. வரிசையில் நிற்பவனுக்குத்தான் பலம். அதை ராஜாவும் அன்றைக்குத்தான் கற்றான், அவர்களும் அன்றைக்குத்தான் கற்றார்கள்.

"என்னதான் வேண்டும் உனக்கு?" என்று ராஜா இறங்கி வந்து கேட்டான்.

சடைச்சி திகைத்தாள். அவளை இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அதனால் பதிலும் தயாராக இல்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"பதின்மூணுக்கு மேல போவோம்."

"பதின்மூன்றுக்கு மேல் வரிசையே கிடையாது!" என்றார் கணியர்.

"இல்லாட்டி என்ன, வச்சுப் பார்த்தா தெரிஞ்சுபோவுது."

பேச்சு முடிவாயிற்று. சூரியன் பனந்தலையைத் தொடும்வரை சடைச்சி சொன்ன வரிசை. அதற்குள் அமையாவிட்டால் பதின்மூன்று, சடைச்சி பூதத்துக்கு. அவள் சம்மதித்தாள்.

"பதினாலா நிப்போமா?"

"அது இரண்டு ஏழு. ஏழுக்கே அடங்காதது அதற்கு எப்படி அடங்கும்? பதினைந்து மூன்று ஐந்து. பதினாறு எட்டு இரண்டு. ஒன்றும் ஆகாது" என்றார் கணியர். கணக்கு அவருக்கு நன்றாகத்தான் தெரியும். அதைக் கொண்டு எங்கே போகக்கூடாது என்பதும் சேர்த்தே தெரிந்திருந்தது, அதுதான் கோளாறு. "வேண்டுமானால் பதினேழு."

பதினேழு பதினேழாக நின்றார்கள். தெரு ஒழுங்கு கலைந்துபோயிற்று. பக்கத்தில் கிடைத்தவர் பக்கத்தில் நின்றார்கள். கடைசியில் கணியர் எண்ணினார்.

"ஒன்பது மிச்சம்!"

"ஒண்ணு இல்லையா?" என்றாள் சடைச்சி.

"ஒன்று இல்லை. ஒன்பது."

அவள் அந்த ஒன்பதில் இல்லை. நடுவில் ஒரு வரிசையில் நின்றாள். ஒன்பதில் ஒன்று கணியரின் மருமகன். "மாமா! மாமா! நான் மிச்சமில்லை மாமா!" என்று அவன் அழுதான்.

கணியர் மணலில் அலகால் கிறுக்கினார். "ஐயோ, இதை நானே சமைத்தேன்! ஆறு எண்ணையும் பெருக்கி முப்பதாயிரத்து முப்பது என்று வைத்தவன் நான். அதன்மேல் யார் ஒருவர் வந்து நின்றாலும், அந்த ஆறில் எதைக்கொண்டு அளந்தாலும், ஒன்றுதான் மிஞ்சும். சக்கரவர்த்தி வந்து நின்றாலும் ஒன்று மிஞ்சும். கோளாறு இவளிடம் இல்லை. என் அளவுகோல்களில்!"

"எனக்கு நீங்க சொல்றது பாதி புரியல. கோளாறு என்கிட்ட இல்லைன்னு சொன்னீங்களே, அது புரிஞ்சுது. அடுத்த வரிசை வைங்க" என்றாள் சடைச்சி.

பத்தொன்பதாக நின்றார்கள். பதினொன்று மிச்சம். இருபத்துமூன்றாக நின்றார்கள். பதினாறு மிச்சம். முப்பத்தொன்றாக நின்றார்கள். இருபத்துமூன்று மிச்சம்! ஒவ்வொரு தரமும் மிஞ்சியவர்கள் வேறு வேறு ஆட்கள். அவர்கள் அலறினார்கள், மற்றவர்கள் திகைத்தார்கள். ஒன்று மிஞ்சியதே தேவலை என்று சிலருக்குத் தோன்றியது. பாதை சரிதானா என்று சடைச்சிக்கே சந்தேகம் வந்தது. 'ஒன்றாக இருந்த மிச்சத்தை இத்தனையாக்கிவிட்டேனே. என்ன காரியம் செய்துகொண்டிருக்கிறேன்?'

அடங்காத எண்களின் பெருக்கமாக வந்தவற்றைத் தாண்டி, மற்ற வரிசைகளையெல்லாம் வைத்துப் பார்த்தார்கள். நாற்பத்தேழாக நின்றபோது நாற்பத்தைந்து மிச்சம்.

"இன்னும் இரண்டே பேர் இருந்தால் வரிசை நிறைந்துவிடும்!" என்று ராஜா துள்ளினான். "இரண்டு கொக்கைப் பிடித்து நிறுத்துங்கள்!"

"கொக்கு நம்ம ஊரு கணக்குல சேராது மகாராசா" என்றாள் பவளாயி. எல்லாரும் சிரித்தார்கள். சாவு பக்கத்தில் நிற்கும்போது வரும் சிரிப்பு அது.

ஐம்பத்துமூன்றாக நின்றார்கள். ராஜா மீன் பிடிக்கப் போய்விட்டுக் கடைசியில் வந்து நின்றான்.

"முப்பத்துமூன்று மிச்சம்" என்றார் கணியர். அப்புறம் மெல்ல, "மகாராஜா... தாங்களும்" என்றார்.

"நானா? நானா மிச்சம்?" ராஜாவுக்கு ஒன்றும் புரியவில்லை. தன் காலைப் பார்த்தான், சிறகைப் பார்த்தான், வரிசைகளைப் பார்த்தான். வரிசையிலிருந்து ஒருவரும் அவனுக்காக விலகி இடம் கொடுக்கவில்லை. பத்தடிக்கு அப்பால் நின்று பார்த்தால் வரிசை எப்படித் தெரியும் என்பதை முதன்முதலாகப் பார்த்தான்.

சூரியன் பனந்தலையைத் தொட்டது. ஏரி குமிழியிட்டது. பூதத்தின் பாசித் தலை மேலே வந்தது.

"நேரமாயிற்று! பதின்மூன்று! பதின்மூன்று! ஒன்றோடு போகட்டும்!" என்று அரண்மனைத் தெரு கத்தியது.

சடைச்சி சொன்ன சொல்லை மாற்றவில்லை. வரிசையை விட்டு வெளியே வந்து, பழைய இடத்தில், பத்தடி தள்ளிப் போய் நின்றாள்.

அப்போது யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. பதினேழில் மிஞ்சிய ஒன்பது பேரும் பறந்து போய் அவள் பக்கத்தில் நின்றார்கள். கணியரின் மருமகன் முதலாக. பத்தொன்பதில் மிஞ்சிய பதினொரு பேரும் போனார்கள். இருபத்துமூன்றில் மிஞ்சியவர்கள், முப்பத்தொன்றில் மிஞ்சியவர்கள், நாற்பத்தேழில் மிஞ்சியவர்கள், எல்லாரும் போனார்கள். ஒருதரம் மிச்சமாக நின்று பார்த்தவனுக்கு அந்த இடம் எப்படி இருக்கும் என்று தெரியும். அவளோடு ஒற்றைக்காலில் நின்றார்கள்.

கடைசியாக ஒரு நாரை தலையைக் குனிந்துகொண்டு வந்தது.

"இன்னும் ஒரே ஒரு வரிசை" என்றான் ராஜா வச்சிரகேது. "சடைச்சியம்மா, நீ சொல்லு."

"என்னைக் கேட்டா? கணியரே, அம்பத்துமூணுக்கு அப்பறம் எது?"

"ஐம்பத்தொன்பது. ஆனால் அது அடங்குமா அடங்காதா என்று எனக்குத் தெரியாது அம்மா. சத்தியமாகத் தெரியாது."

"தெரியாதுன்னு சொல்லக் கத்துக்கிட்டீங்களே, அது போதும். நில்லுங்க எல்லாரும்!"

முப்பதாயிரத்து முப்பத்தொரு நாரைகளும் ஒரே சமயத்தில் எழும்பின. வானம் வெள்ளையாயிற்று. ஐம்பத்தொன்பது ஐம்பத்தொன்பதாக இறங்கின. யார் பக்கத்தில் யார் என்று பார்க்க நேரமில்லை. குயவனுக்குப் பக்கத்தில் கணியர், காவலனுக்குப் பக்கத்தில் பவளாயி. நூறு வரிசை, இருநூறு வரிசை, ஐந்நூறு வரிசை. சூரியன் பாதி மறைந்தது. ஐந்நூற்றெட்டு வரிசை நின்றாயிற்று. மீதி இருந்த நாரைகள் கடைசி வரிசையில் ஒவ்வொன்றாக இறங்கின. ஐம்பத்தாறு. ஐம்பத்தேழு. ஐம்பத்தெட்டாவதாக ராஜா இறங்கினான். அவனுக்குப் பக்கத்தில் ஒரு இடம் காலி. வானத்தில் ஒரே ஒரு நாரை.

சடைச்சி வந்து இறங்கினாள்.

கணியர் அண்ணாந்து பார்த்தார். வானத்தில் ஒருவரும் இல்லை. தண்ணீரைப் பார்த்தார். ஒருவரும் இல்லை. "ஐந்நூற்றொன்பது வரிசை. மிச்சம்..." என்று தொடங்கியவருக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. "மிச்சம்... இல்லை!"

சிறகுகள் உதிர்ந்தன. ஏரி முழுதும் வெள்ளை இறகு. முழங்கால் தண்ணீரில் முப்பதாயிரத்து முப்பத்தொரு மனிதர்கள், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சடைச்சியின் தோளில் ஒரு கை இருந்தது. அது ராஜாவின் கை. அவனுக்கு நீச்சல் தெரியாது.

பூதம் சிரித்தது. "சடைச்சி, உனக்கு என்ன வேண்டும்? கோட்டைக்குள் மாளிகை தரட்டுமா?"

அவள் யோசித்தாள். "மாளிகை வேணாம். அந்த வாசக்கதவு ரெண்டையும் குடு. நல்ல கட்டை. சுடுகாட்டு அடுப்புக்கு ஆறு மாசம் வரும்."

பூதம் கதவைப் பிடுங்கி அவளிடம் கொடுத்தது. அன்றையிலிருந்து மணிமேட்டுக் கோட்டைக்குக் கதவு கிடையாது.

அந்தச் சமயத்தில் கரையிலிருந்து குவா குவா என்று சத்தம் கேட்டது. கரையேறிய பவளாயிக்குப் பிள்ளை பிறந்துவிட்டது. முட்டை இல்லை, பிள்ளைதான், பெண்பிள்ளை. கணியர் தலையில் கைவைத்தார்.

"எண் மாறிப்போயிற்றே! இப்போது முப்பதாயிரத்து முப்பத்திரண்டு! மறுபடி முதலிலிருந்து வரிசை வைக்க வேண்டுமே!"

"வைங்க. இப்ப ரெண்டு ரெண்டா நின்னாலே சரியாப் போவுது. நாளைக்கு இன்னொண்ணு பொறந்தா வேற வரிசை. பிள்ளைக்குத் தக்க வரிசை வைக்கணும் கணியரே, வரிசைக்குத் தக்க பிள்ளையைத் தள்ளக்கூடாது" என்றாள் சடைச்சி.

"இது எனக்கு ஏன் முதலிலேயே புரியவில்லை?" என்றார் கணியர்.

"எனக்கு இன்னமும் பாதி புரியல" என்று சொல்லி, அவள் பிள்ளையைப் பார்க்கப் போனாள்.

அந்த ஏரியில் இன்றைக்கும் நாரைகள் ஒற்றைக்காலில் நிற்கும். எண்ணத் தொடங்கினால் பறந்துவிடும். மிச்சம் என்று யாரையும் சொல்லிவிடாதீர்கள் என்று அவை சொல்வதாக மணிமேட்டுக்காரர்கள் நம்புகிறார்கள். அவர்கள் மகராசராய் வாழ்ந்தார்கள், அவர்கள் வாசல் திறந்திருந்தது. நம் வாசலும் திறந்திருக்கட்டும்.